டிசம்பர் 15க்குள்

2013 அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. அன்று காலை அமெரிக்க அரசாங்கத்தின் ஒரு பெரிய பகுதி மூடிக் கிடந்தது. தேசியப் பூங்காக்களின் வாசலில் தடுப்புக் கம்பிகள் வைத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான ஊழியர்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒபாமாகேர் என்று எல்லோரும் அழைக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பணம் போகக் கூடாது என்று குடியரசுக் கட்சியினர் பிடிவாதமாக நின்றதுதான் காரணம். சில நாள் முன்புதான் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ் அந்தச் சட்டத்தை எதிர்த்து 21 மணி நேரம் நின்றுகொண்டே பேசியிருந்தார். நடுவில் தன் மகள்களுக்காகக் குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றையும் படித்தார்.

அதே காலையில், எதை எதிர்த்து அரசாங்கத்தை மூடினார்களோ, அந்தச் சட்டம் உண்டாக்கிய காப்பீட்டுச் சந்தை திறந்தது. டல்லாஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் தமிழ்ப் பெண் ஒருவருக்கு அதுவே தொழிலின் முதல் நாள். உரிமத் தேர்வு எழுதி, மத்திய அரசின் பயிற்சியையும் முடித்துவிட்டு, கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயர் இங்கே வேண்டாம். ஊரில் பல குடும்பங்களின் வரவு செலவு அவர் கோப்புகளில் இருக்கிறது. முகவர் என்றே சொல்வோம்.

ஹெல்த்கேர்.கவ் தளம் திறக்கவே இல்லை. 36 மாநிலங்களுக்குப் பொதுவான அந்தத் தளத்தின் வழியாக முதல் நாளில் நாடு முழுக்கப் பதிவு செய்து முடித்தவர்கள் ஆறே பேர் என்று பிறகு தெரியவந்தது. தளம் படுத்ததற்கும் அரசு முடக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது மோசமான மென்பொருள் வேலை. ஆனால் தொலைபேசியில் வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: அரசாங்கமே மூடியிருக்கும்போது இது எப்படி நடக்கும்?

அந்தக் கேள்விக்கு அன்று அவர் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பதில், பன்னிரண்டு ஆண்டு கழித்து 2025இலும் அப்படியே தேவைப்பட்டது. அமெரிக்க அரசின் செலவில் ஒரு பகுதிக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். அக்டோபர் 1க்குள் ஒதுக்காவிட்டால் அந்தப் பகுதி நின்றுவிடும். 1980, 81இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி சட்டத்துக்குக் கண்டிப்பான விளக்கம் கொடுத்த பிறகு வந்த வழக்கம் இது. அதற்கு முன்பெல்லாம் பட்ஜெட் தாமதமானாலும் அலுவலகங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒபாமாகேர் தரும் காப்பீட்டு மானியமோ வருமான வரிச் சட்டத்துக்குள் எழுதப்பட்ட வரிச்சலுகை. ஆண்டு ஒதுக்கீடு இல்லாமலேயே அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே 2013இல் குடியரசுக் கட்சியினர் அரசாங்கத்தை மூடியும் ஒபாமாகேர் நிற்கவில்லை. 2025இல் ஜனநாயகக் கட்சியினர் செலவு மசோதாவைத் தடுத்தும் மானியம் நீளவில்லை. மூடிய கதவு ஒன்று, சண்டைக்குக் காரணமான கதவு வேறு.

இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பாலிசி விற்பதுதான் முகவரின் வேலை என்று தோன்றும். அவருடைய நேரத்தில் முக்கால்வாசி வேறொன்றில் போகிறது: மனிதர்களிடம் அடுத்த ஆண்டு வருமானத்தைக் கேட்டு வாங்குவது. மானியம் கடந்த ஆண்டு வருமானத்தை வைத்து வருவதில்லை. வரப்போகும் ஆண்டில் எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்ற கணிப்பை வைத்து வருகிறது. மாதச் சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் நிறுவனமே காப்பீடு தந்துவிடும். சந்தைக்கு வருகிறவர்கள் முடிதிருத்துபவர், ஊபர் ஓட்டுபவர், நகப்பூச்சுக் கடை வைத்திருக்கும் வியட்நாமியப் பெண், கூரை போடும் மேஸ்திரி, மாட்டுப் பண்ணைக்காரர், 62 வயதில் வேலை போய், 65 வயதில் கிடைக்கும் முதியோர் காப்பீடான மெடிகேருக்காகக் காத்திருப்பவர். இவர்களில் யாருக்குமே அடுத்த ஆண்டு வருமானம் தெரியாது. அவர்களோடு உட்கார்ந்து, போன வருட வரிப்படிவத்தை விரித்து, எந்த மாதம் வேலை குறையும், எந்த மாதம் கூடும் என்று பேசிப் பேசி ஒரு எண்ணுக்கு வர வேண்டும். அந்த எண் தப்பினால் அடுத்த ஏப்ரலில் வரி கட்டும்போது பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரும்.

டெக்சாஸில் இந்த எண்ணுக்குக் கீழேயும் ஒரு பள்ளம் உண்டு. ஏழைகளுக்கான மெடிகெய்டை விரிவாக்க மறுத்த பத்து மாநிலங்களில் டெக்சாஸும் ஒன்று. வறுமைக்கோட்டுக்கு மேலே இருந்தால் மானியம் கிடைக்கும். கீழே இருந்தால், குழந்தையில்லாத வயது வந்தவருக்கு மெடிகெய்டும் இல்லை, மானியமும் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், “நீங்கள் போதுமான அளவு சம்பாதிக்கவில்லை, அதனால் உதவி கிடையாது” என்று ஒரு சமையல்காரப் பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்ததை முகவர் இன்னும் வேதனையோடுதான் சொல்கிறார். நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் டெக்சாஸில்தான் அதிகம்.

மேலே இருந்ததோ செங்குத்தான பாறை. 2010இல் எழுதிய சட்டப்படி, வறுமைக்கோட்டின் நான்கு மடங்கு வருமானம் வரைதான் மானியம். அதற்கு மேல் ஒரு டாலர் சம்பாதித்தாலும் முழு விலை. இளைஞருக்கு இது பெரிய விஷயம் இல்லை, அவர் பிரீமியமே குறைவு. ஆனால் 64 வயதுக்காரரிடம் 21 வயதுக்காரரைப் போல் மூன்று மடங்கு வரை வாங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. பாறையிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள்.

கோவிட் காலத்தில், 2021 மார்ச்சில், ஜனநாயகக் கட்சியினர் கொண்டுவந்த நிவாரணச் சட்டம் இந்தப் பாறையை எடுத்துவிட்டது. எவ்வளவு சம்பாதித்தாலும், மானியக் கணக்குக்கு அளவுகோலாக வைக்கும் ‘சில்வர்’ என்ற நடுத்தரத் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம். வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஒன்றுமே கட்ட வேண்டாம். முதலில் இரண்டு ஆண்டுக்கு என்றார்கள். 2022 ஆகஸ்டில் இன்னொரு சட்டத்தால் 2025 இறுதி வரை நீட்டினார்கள். நிரந்தரமாக்கினால் செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியும் என்பதால் கெடு வைத்தார்கள். அந்தக் கெடுவை எழுதியவர்கள் ஜனநாயகக் கட்சியினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அவர் தொழிலில் அந்த நான்கு ஆண்டுகள் நல்ல காலம். நாடு முழுக்க 2021இல் சுமார் 1 கோடியே 20 லட்சமாக இருந்த பதிவு, 2025இல் 2 கோடியே 43 லட்சமாக உயர்ந்தது. டெக்சாஸில் மட்டும் ஏறத்தாழ 40 லட்சம். இன்னொரு காரணத்தால் டெக்சாஸ்காரர்களுக்குக் கூடுதல் லாபமும் இருந்தது. 2017 அக்டோபரில் டிரம்ப் அரசு காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்த ஒரு தொகையை நிறுத்தியது. நிறுவனங்கள் அந்த நஷ்டத்தைச் சில்வர் திட்டங்களின் விலையில் ஏற்றின. மானியம் சில்வர் விலையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. சில்வர் ஏற ஏற மானியமும் ஏறியது. டெக்சாஸ் சட்டமன்றம் 2021இல் இதையே விதியாக்கியதால், 2023 முதல் பல இடங்களில், சில்வரைவிட உயர்ந்த கோல்டு திட்டம் சில்வரைவிட மலிவாகிவிட்டது. “கோல்டு எப்படிம்மா கம்மி விலையில வரும்? ஏதாவது ஏமாத்து வேலையா?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. சட்டத்தை அழிக்க எடுத்த நடவடிக்கை ஏழைகளுக்கு நல்ல திட்டமாக வந்து விடிந்தது என்று விளக்குவதற்கு அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலோர் கேட்டு முடித்துக் கோல்டு எடுத்தார்கள்.

அதே நான்கு ஆண்டுகள் தொழிலைக் கெடுக்கவும் செய்தன. இதைச் சொல்லும்போது முகவருக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. பிரீமியமே இல்லாத திட்டம் என்றால், பதிவு செய்யப்பட்டது அந்த மனிதருக்கே தெரியாமல் போகலாம். முகவருக்குக் கமிஷன் தருவது வாடிக்கையாளர் இல்லை, காப்பீட்டு நிறுவனம். ஆள் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு. ‘இலவசப் பணம்’ என்று விளம்பரம் போட்டு, பெயரும் பிறந்த தேதியும் வாங்கி, ஆளுக்குத் தெரியாமலே பதிவு செய்யும் கும்பல்கள் கிளம்பின. வேறு முகவரிடம் இருந்தவரை ஒரே இரவில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். தான் பார்த்த மருத்துவர் புதிய திட்டத்தில் இல்லை என்று மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோதான் நோயாளிக்குத் தெரியவரும். 2024இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும், சம்மதம் இல்லாமல் பதிவு செய்ததாக 1,83,000-க்கு மேலும், சம்மதம் இல்லாமல் திட்டத்தை மாற்றியதாக 90,000-க்கு மேலும் புகார்கள் மத்திய அரசுக்கு வந்தன. அந்த ஜூலையில் விதியை இறுக்கினார்கள்: புது முகவர் மாற்றம் செய்ய வேண்டுமானால் வாடிக்கையாளரும் சந்தையின் அழைப்பு மையமும் முகவரும் ஒரே தொலைபேசி இணைப்பில் இருந்தாக வேண்டும். நேர்மையான முகவர்களுக்கு இதனால் வேலை இரட்டிப்பானது. அவர் அதை வரவேற்றார்.

ஆகவே மானியத்தில் மோசடி நடக்கிறது என்று குடியரசுக் கட்சியினர் சொன்னது கட்டுக்கதை இல்லை. அவர் எதிர்ப்பதெல்லாம் அந்தப் பேச்சு போய் முடிந்த இடத்தை. திருடியது முகவர் உரிமம் வைத்திருந்தவர்கள். அதற்காகப் பிரீமியம் கூடியது முடிதிருத்துபவருக்கும் பண்ணைக்காரருக்கும். உரிமத்தைப் பறிக்கலாம், வழக்குப் போடலாம், கமிஷனை நிறுத்தலாம். இவையெல்லாம் செய்யக்கூடியவை, சிலவற்றைச் செய்தும் இருக்கிறார்கள்.

2025க்கு வருவோம்.

காப்பீட்டு ஆண்டுக்கென்று ஒரு நாள்காட்டி உண்டு, அது எந்தக் கட்சிக்கும் வளையாது. வசந்தத்திலும் கோடையிலும் நிறுவனங்கள் அடுத்த ஆண்டு விலையை மாநிலங்களிடம் தாக்கல் செய்கின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் விலை உறுதியாகிறது. அக்டோபரில் வாடிக்கையாளர் வீட்டுக்குக் கடிதம் போகிறது. நவம்பர் 1இல் பதிவு தொடங்குகிறது. ஜனவரி 1 முதல் காப்பீடு வேண்டும் என்றால் டிசம்பர் 15க்குள் பதிவு செய்ய வேண்டும். 2026 காப்பீட்டுக்கு ஜனவரி 15இல் கதவு மூடியது. விதைப்புக்கு ஒரு பட்டம் இருப்பது மாதிரிதான். ஆடி போன பிறகு விதை நெல்லுக்குப் பணம் தருகிறேன் என்றால் அந்த ஆண்டுக்கு அது உதவாது.

2025 கோடையில் நிறுவனங்கள் விலை தாக்கல் செய்தபோதே, 2021இல் வந்த மேம்பட்ட மானியம் டிசம்பரில் முடியும் என்று எடுத்துக்கொண்டு விலை போட்டன. மானியம் குறைந்தால் உடம்பு நன்றாக இருப்பவர்கள் முதலில் விலகுவார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அளவுகோல் சில்வர் திட்டத்தின் விலை 2026க்குச் சராசரியாக 26 சதவீதம் உயர்ந்தது, ஹெல்த்கேர்.கவ் தளத்தைப் பயன்படுத்தும் மாநிலங்களில் 30 சதவீதம். மானியத்தோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் கடுமை. கேஎஃப்எஃப் என்ற சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பு, மானியம் பெறுபவர் கையிலிருந்து கட்டும் சராசரி ஆண்டு பிரீமியம் 888 டாலரிலிருந்து 1,904 டாலராகும் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு 22,000 டாலர் சம்பாதிக்கும் ஒருவர், 2025இல் ஒன்றும் கட்டாதவர், 2026இல் மாதம் சுமார் 66 டாலர் கட்ட வேண்டும். வாஷிங்டனில் இந்த 66 டாலரைச் சிறிய தொகை என்று பேசியவர்கள் உண்டு. வாடகை போக மிச்சத்தில் பெட்ரோல் போடுகிற மனிதரிடம் அந்தத் தொகையைச் சொல்லிப் பார்த்தவர் யாரும் அதைச் சிறியது என்று சொல்ல மாட்டார்.

பாறையும் திரும்பி வந்தது. இருவர் கொண்ட குடும்பத்துக்கு 2026இல் அதன் விளிம்பு 84,600 டாலர். அந்த வருமானம் வரை அளவுகோல் திட்டத்துக்கு வருமானத்தில் 9.96 சதவீதம் கட்டினால் போதும், ஆண்டுக்குச் சுமார் 8,400 டாலர். அதே கேஎஃப்எஃப் கணக்குப்படி, 60 வயதான கணவன் மனைவி 85,000 டாலர் சம்பாதித்தால், அவர்கள் கட்டும் தொகை ஒரே ஆண்டில் 22,600 டாலருக்கு மேல் உயரும். நானூறு டாலர் அதிக வருமானத்துக்கு இந்த விலை.

முகவரிடம் இப்படி ஒரு தம்பதி இருந்தார்கள். டல்லாஸிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் மாட்டுப் பண்ணை. 2025இல் மாட்டு விலை அமெரிக்காவில் அதுவரை இல்லாத உச்சத்தில் இருந்தது. பல ஆண்டு வறட்சியையும் கடனையும் தாங்கி வந்தவர்களுக்கு ஒருவழியாக நல்ல விலை. அதனாலேயே வருமானம் கோட்டைத் தாண்டும் நிலைமை. விவசாயிகளிலும் பண்ணை நடத்துபவர்களிலும் நாலில் ஒருவருக்கு மேல் இப்படித் தாங்களாகவே காப்பீடு வாங்குபவர்கள்தான். டிரம்ப் வென்ற மாநிலங்களில்தான் சந்தைப் பதிவுகளில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. ஜார்ஜியாவின் அப்போதைய குடியரசுக் கட்சிப் பிரதிநிதி மார்ஜரி டெய்லர் கிரீன், அதுவரை டிரம்பின் மிகத் தீவிர ஆதரவாளர்களில் ஒருவர், தன் வளர்ந்த பிள்ளைகளின் பிரீமியமே இரட்டிப்பாகப் போகிறது என்று அக்டோபரில் வெளிப்படையாகச் சொல்லித் தன் கட்சித் தலைமையைக் குறை கூறினார்.

அந்தத் தம்பதிக்கு முகவர் சொன்ன வழி சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 2025 ஜூலை 4இல் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச்சட்டம், 2026 முதல் சந்தையின் ‘பிரான்ஸ்’ (bronze, வெண்கலம்) எனப்படும் கீழ்நிலைத் திட்டங்கள் எல்லாவற்றையும் மருத்துவச் சேமிப்புக் கணக்கு தொடங்கத் தகுதியுள்ளவையாக்கியது. குடும்பத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 8,750 டாலர் வரை போடலாம். 55 வயதை எட்டியவர் இன்னும் ஆயிரம் சேர்க்கலாம். போட்ட தொகை வருமானக் கணக்கிலிருந்து கழியும். ஓய்வூதியக் கணக்கில் போடுவதும் அப்படியே. வருமானத்தைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம். அதற்குக் கையில் ரொக்கம் வேண்டும், கணக்குப் பார்க்க ஒருவர் வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்கு வழி சொல்ல முடியவில்லை. கட்டணம் வாங்காமல் பதிவுக்கு உதவும் ‘நேவிகேட்டர்’ அமைப்புகளுக்கு மத்திய அரசு தந்த நிதியை, 9 கோடியே 80 லட்சம் டாலரிலிருந்து 1 கோடி டாலராகக் குறைப்பதாக அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தார்கள். தேவை கூடப்போகிற ஆண்டில் அந்த வெட்டு விழுந்தது. அந்த அமைப்புகளின் வாசலில் நின்றிருக்க வேண்டியவர்கள் முகவர்களைத் தேடி வந்தார்கள்.

இந்த நிலையில்தான் அக்டோபர் 1இல் அரசாங்கம் மூடியது. செலவு மசோதாவை நவம்பர் 21 வரை நீட்டக் குடியரசுக் கட்சியினர் கேட்டார்கள். செனட்டில் 60 வாக்கு வேண்டும்; அவர்களிடம் இருந்தது 53. மானியத்தை நீட்டினால்தான் வாக்கு என்றது செனட்டில் சக் ஷூமர் தலைமையிலான ஜனநாயகக் கட்சி. முதலில் அரசாங்கத்தைத் திறங்கள், பிறகு மானியம் பேசலாம் என்றார்கள் குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் ஜான் தூனும் பிரதிநிதிகள் சபை சபாநாயகர் மைக் ஜான்சனும். செனட்டில் மசோதா பதினான்கு முறை தோற்றது.

நாற்பத்து மூன்று நாள். அதுவரை அமெரிக்க வரலாற்றில் மிக நீண்ட முடக்கம். விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார்கள். நவம்பரில் நாற்பது பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க உத்தரவு வந்தது, அதில் டல்லாஸின் இரு நிலையங்களும் உண்டு. சுமார் 4 கோடியே 20 லட்சம் பேரின் உணவு உதவி நவம்பரில் தடைபட்டது. அரசு ஊழியர்களுக்கு முடக்கம் முடிந்ததும் பழைய சம்பளம் வந்துவிடும், 2019இலிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. அரசுக் கட்டடங்களில் ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் காவல் காப்பவர்களுக்கும் பெருக்கித் துடைப்பவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. காப்பீட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் அவர்களே. முகவரிடம் வந்த ஒப்பந்தக் காவலர் ஒருவருக்கு இரு பக்கமும் அடி: அக்டோபர் சம்பளம் போனது, ஜனவரி பிரீமியம் ஏறியது. தன் பெயரைச் சொல்லித்தான் வாஷிங்டனில் இரு கட்சியும் சண்டை போடுகின்றன என்று கேட்டபோது அவருக்கு ஆத்திரம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த நாட்களில் முகவருடைய தொலைபேசியில் ஒரே கேள்வி. “அவங்க முடிவு எடுக்கிற வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?” நாளுக்குப் பல தடவை, பல மொழிகளில். அவர் பதில் மாறவில்லை. பொறுக்க வேண்டாம். டிசம்பர் 15க்குள் ஒரு திட்டத்தை எடுத்துவிடுங்கள். மானியம் திரும்ப வந்தால் ஜனவரி 15 வரை மாற்றிக்கொள்ளலாம். காத்திருந்து காப்பீடு இல்லாமல் போய்விட்டால் அடுத்த ஆண்டு வரை கதவு திறக்காது. இதைச் சொல்வது சுலபம். கேட்பவர் திரையில் அப்போது 2,000 டாலர் என்று மாத பிரீமியம் தெரிந்துகொண்டிருக்கும்.

நவம்பர் 9இல் ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து எட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். 60–40. பதிலுக்கு அவர்களுக்குக் கிடைத்தது, மானியம் பற்றி டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. நவம்பர் 12 இரவு டிரம்ப் கையெழுத்திட்டார். டிசம்பர் 11இல் வாக்கெடுப்பும் நடந்தது. மூன்று ஆண்டு நீட்டிப்பு என்ற ஜனநாயகக் கட்சியின் மசோதா 51–48. நான்கு குடியரசுக் கட்சியினர் ஆதரித்தும் 60 எட்டவில்லை. மானியத்துக்குப் பதிலாகச் சேமிப்புக் கணக்கில் நேரடியாகப் பணம் போடும் குடியரசுக் கட்சி மசோதாவும் அதே 51–48இல் விழுந்தது. 50 வயதுக்குக் கீழே 1,000 டாலர், அதற்கு மேல் 1,500 என்று அந்த மசோதா சொன்னது. பிரான்ஸ் திட்டத்தில் காப்பீடு பேசத் தொடங்குவதற்கு முன் நோயாளி கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை சராசரியாக ஏழாயிரம் டாலருக்கு மேல். ஆயிரத்தைந்நூறு அதற்கு எவ்வளவு தூரம் வரும் என்று முகவர் வாடிக்கையாளர் முன்னால் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பணத்தை நிறுவனத்திடம் தராமல் மக்களிடம் தரவேண்டும் என்ற எண்ணத்தில் அவருக்குக் குறை இல்லை. தொகை போதாது என்பதுதான்.

வாக்கெடுப்பு நடந்த நாளிலிருந்து டிசம்பர் 15க்கு நான்கு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளில் மக்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதைப் பார்த்த யாரும் இதை அரசியல் ஆட்டமாக நினைக்க முடியாது. கோல்டிலிருந்து பிரான்ஸுக்கு இறங்கினார்கள். மனைவிக்குச் சர்க்கரை, அவளுக்கு மட்டும் போடுங்கள், எனக்கு வேண்டாம் என்றார் ஒருவர். மெடிகேருக்குப் பதினொரு மாதம்தான் இருக்கிறது, ஆண்டவன் விட்ட வழி என்றார் இன்னொருவர். பண்ணைக்காரர் பிரான்ஸ் எடுத்துக்கொண்டு சேமிப்புக் கணக்கு தொடங்கினார். கூரை மேஸ்திரி எடுக்கவில்லை.

மேம்பட்ட மானியம் டிசம்பர் 31 நள்ளிரவோடு முடிந்தது. ஜனவரி 8இல், அதாவது பதிவுக் கதவு மூட ஒரு வாரம் இருக்கும்போது, பிரதிநிதிகள் சபையில் மூன்று ஆண்டு நீட்டிப்பு 230–196 என்று நிறைவேறியது. தலைமையை மீறிக் குடியரசுக் கட்சியினர் 17 பேர் ஆதரித்தார்கள். செனட்டில் அதே யோசனை ஏற்கெனவே தோற்றிருந்தது. 2026க்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 2 கோடியே 30 லட்சம். முந்தைய ஆண்டைவிடப் பத்து லட்சத்துக்கு மேல் குறைவு. பதிவு செய்தவர்கள் எல்லோரும் பணம் கட்டியவர்கள் இல்லை. பழைய திட்டம் தானாகவே புதுப்பிக்கப்பட்டவர்களும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள். புது பில் வந்த பிறகுதான் பலருக்கு விலையே தெரியும்.

நம்மவர்கள் கதையையும் சொல்ல வேண்டும். டல்லாஸ் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அலுவலகக் காப்பீடு இருக்கிறது. இந்தச் சண்டை தங்களைத் தொடாது என்றே பலர் நினைத்தார்கள். ஊரிலிருந்து கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவை அலுவலகக் காப்பீடு சேர்த்துக்கொள்ளாது. 65 வயதானாலும் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்த பிறகுதான் பணம் கட்டி மெடிகேரில் சேர முடியும். அதுவரை அவர்களுக்கு முக்கிய வழி இந்தச் சந்தை. “அக்கா, அம்மா அப்பாவுக்கு இந்த வருஷமும் அதே பிளானே போட்டுடலாம்ல?” என்று அக்டோபரில் ஒரு மென்பொருள்காரத் தம்பி கேட்டார். கணவன், மனைவி, இரண்டு குழந்தை, வரிக்கணக்கில் சார்ந்தவர்களாகக் காட்டும் பெற்றோர் இருவர். ஆறு பேர் குடும்பம். வருமானம் 1,90,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் இருவருக்கும் சில்வர் பிரீமியம் ஆண்டுக்கு 26,000 டாலர் என்றால், 2025 விதிப்படி வருமானத்தில் 8.5 சதவீதமான 16,150 டாலர் அவர் பங்கு, மீதிக்கு மானியம். 2026இல் ஆறு பேர் குடும்பத்துக்கு விளிம்பு 1,72,600. அதைத் தாண்டியதால் மானியம் சுத்தமாக இல்லை. தனியாக வரி தாக்கல் செய்யும், வருமானமே இல்லாத பெற்றோருக்கு இன்னொரு அடி: கிரீன் கார்டு வாங்கி ஐந்தாண்டு முடியாமல், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவரை கிடைத்துவந்த மானியத்தையும் 2025 ஜூலைச் சட்டம் 2026 முதல் எடுத்துவிட்டது. இது மேம்பட்ட மானியத்தோடு சேர்ந்தது இல்லை. ஒபாமாகேரின் அசல் சட்டத்திலேயே இருந்த உரிமை.

பன்னிரண்டு ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவர் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்டால் சொல்ல மாட்டார், வாடிக்கையாளரிடமும் கேட்க மாட்டார். ஆனால் கருத்து இருக்கிறது. அரசாங்கத்தை மூடிக் கேட்டதை வாங்கியவர்கள் இல்லை என்கிறார். 1995இல் மெடிகேர் பிரீமியத்தை உயர்த்தும் விதியைச் செலவு மசோதாவில் சேர்த்து அனுப்பினார்கள், கிளின்டன் நிராகரித்தார், அரசு மூடியது, விதி நிறைவேறவில்லை. 2013இல் ஒபாமாகேர் நிற்கவில்லை. 2018 டிசம்பரில் தொடங்கிய 35 நாள் முடக்கம், கேட்ட எல்லைச் சுவர்ப் பணம் இல்லாமலே முடிந்தது. 2025இல் மானியம் நீளவில்லை. முடக்கம் இல்லாவிட்டால் மானியத்தைப் பற்றி நாடே பேசியிருக்காது என்ற வாதத்தையும் அவர் மறுக்கவில்லை; அக்டோபரில் அவரிடம் வந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆனால் விலை உறுதியாகிக் கடிதம் கிளம்பும் நேரத்தில் தொடங்கிய சண்டை அது. மானியம் 2025 டிசம்பரில் முடியும் என்பது 2022 ஆகஸ்டிலேயே சட்டத்தில் எழுதியிருந்தது. மூன்று ஆண்டு இரு கட்சிக்கும் நேரம் இருந்தது. நீட்டுவதானாலும் குறைப்பதானாலும், நிறுவனங்கள் விலை தாக்கல் செய்யும் வசந்தத்துக்கு முன்னால் முடிவெடுத்திருக்க வேண்டும். செங்குத்துப் பாறைக்குப் பதில் வருமானம் ஏற ஏற மானியம் மெல்லக் குறையும் சரிவு ஒன்றை அமைப்பதற்கு எந்தக் கொள்கையும் தடையில்லை. அது நடக்காததற்கு இரு தரப்பும் பொறுப்பு.

கடைசியாக, அமெரிக்காவில் சந்தைக் காப்பீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கும், அங்கே பெற்றோரை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. முன்பெல்லாம் வருமானத்தைக் குறைத்துக் கணித்துவிட்டால், திருப்பித் தரவேண்டிய மானியத்துக்குக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரி ஆண்டிலிருந்து அந்த வரம்பு இல்லை. அதிகம் வாங்கிய தொகை முழுவதையும் வரியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே கூடுதல் வேலை கிடைத்தாலும், சம்பளம் ஏறினாலும், பங்கை விற்றாலும், குடும்பத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும், ஆண்டு முடியக் காத்திருக்காமல் அந்த மாதமே சந்தைக் கணக்கில் வருமானத்தைத் திருத்திவிடுங்கள்.